மழை வரும்வரைக்குமான தீர்மானம்

மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசியின் வீட்டுக் குழாயில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

குழாய் பழுதில்லை, மோட்டாரும் பழுதில்லை. மராட்டிக்காரர்கள் ஊரான தாபோடியில் அவள் குடியிருந்த பூர்ணிமா சொசைட்டி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, வழிந்த தண்ணீர் பின்பக்கச் சுவரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் அவள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று சேர்மன் சுந்தரராமன் உத்தரவு போட்டிருந்தார். வாட்ச்மேன் மாடிக்குப் போய் வால்வைத் திருகி மூடிவிட்டு வந்தான். விஷயம் அவ்வளவுதான்.

அவள் செய்த குற்றம் என்ன தெரியுமா? சொசைட்டித் தேர்தல் எப்போது என்று கேட்டாள். சண்டை போட்டுக் கேட்கவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பதில் சொல்கிறவள். மரியாதையாகப் பேச அவளுக்குத் தெரியும். "சார், மழைதான் வந்துடுச்சே, எலக்‌ஷன் எப்ப வைக்கிறீங்க?" என்றாள். ஆனால் கேட்ட இடம் சரியில்லை. கீழே பார்க்கிங்கில், ஷிண்டே முதலான மராட்டிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள். சுந்தரராமன் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார். மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

வீட்டில் அவள் கணவர் கலியன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைத் துடைக்க வேண்டும், துணி அலச வேண்டும். அந்த வீட்டில் தண்ணீர் இல்லாமல் ஒரு பொழுது ஓடாது. சுந்தரராமனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கலியன் விழுந்த அன்று ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தவரே அவர்தான். தெரிந்தேதான் மூடினார்.

பால்கனிக் கம்பிக்கு வெளியே வாளியை நீட்டி மழையைப் பிடித்துப் பிடித்து வைத்தாள். படுக்கையிலிருந்து கலியன் கோணிப்போன வாயால் கேட்டார்.

"மேல போயி... தொறந்துட்டு... வாயேன்."

"எப்படித் தொறக்கிறது? கூண்டு பூட்டிக் கெடக்குது. சாவி அவர் பையில."

மாடியில் தொட்டியை ஒட்டி வரிசையாக வால்வுகள். ஒவ்வொன்றும் ஒரு லைன்; ஒரு லைனில் மேலிருந்து கீழாக நாலு வீடு. எல்லா வால்வுகளையும் சேர்த்து இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டியிருந்தார் சுந்தரராமன். மங்கையின் வால்வை மூடினால் அவளுக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் நிற்கும். நிற்கட்டும் என்றுதான் மூடினார். அவள் வாயை அடைக்க அவர் வர வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களே வந்து அடைத்துவிடுவார்கள்.

இதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் கேட்கிறவர்களுக்கும் கோபம் வரும்.

இரண்டாயிரத்து மூன்றில் மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த கோடையில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு அதுவும் குறைந்தது. டேங்கர் வந்தால் சொசைட்டி வாசலில் குடமும் வாளியுமாக ரகளை. ஒரு நாள் ஷிண்டேயின் மகன் வாளியை ஓங்கியதில், கார் ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ரமேஷின் மண்டை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. ரமேஷ் தமிழன். சொசைட்டி இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டு நின்றது.

சுந்தரராமன் ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை சுத்தம், பேச்சு சுத்தம். சேர்மன் வேலைக்கு அவரைத் தவிர வேறு ஆள் யாருக்கும் தோன்றியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டில் பஜனை நடக்கும். கணக்கு ஆபீஸ்காரர்களும் வருவார்கள், வெடிமருந்து ஃபாக்டரியில் லேத் ஓட்டிய கலியன் போன்றவர்களும் வருவார்கள். ஊரில் என்றால் இவர்களைச் சேர்த்து ஒரே கூடத்தில் உட்கார வைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். தாபோடியில் எல்லோரும் மதராஸிதான்.

பஜனை முடிந்து, அவர் மனைவி அபயாம்பாள் சுண்டலும் காபியும் கொடுக்கும்போதுதான் சொசைட்டி விவகாரம் பேசப்படும். "நமக்குள்ள பேசி முன்னாடியே ஒரு முடிவுக்கு வந்துடணும். அவா முன்னாடி நாம சண்டை போட்டுண்டா அசிங்கம்" என்பார் சுந்தரராமன். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் தமிழ்க் கைகள் எல்லாம் ஒன்றாக மேலே போகும். சொசைட்டியில் பாதிக்கு மேல் தமிழ் வீடுகள் என்பதால், சுண்டல் சாப்பிடும்போது முடிவானதுதான் சட்டம். கூட்டத்தில் யாரும் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. இதை ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அந்தத் தீர்மானமும் பிறந்தது. மழை வரும்வரை தண்ணீர் சம்பந்தமான எல்லா முடிவுகளையும் சேர்மன் தனியாகவே எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை; மீறுகிறவர்களின் தண்ணீரை நிறுத்தலாம்; அதுவரை தேர்தலும் கிடையாது.

"இது எமர்ஜென்சி. எமர்ஜென்சில நின்னு ஆர அமர யோசிச்சிண்டிருக்கப்படாது" என்றார் சுந்தரராமன். "எழுபத்தஞ்சுல பாத்தேளோல்லியோ? ரயில் டாண்ணு வந்துது, ஆபீஸ்ல எல்லாரும் பத்து மணிக்கு சீட்ல இருந்தா. நேக்கு இந்த அதிகாரம்லாம் ஆசையில்லை. மழை பெஞ்ச மறுநாளே சாவியை உங்க முன்னாடி வெச்சுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மங்கை கை தூக்கினாள். யாரோ சொல்லித் தூக்கவில்லை, மனசாரத் தூக்கினாள். ரமேஷ் தலையில் கட்டோடு வந்ததையும் அவன் மனைவி கிரிஜா அழுதுகொண்டு நின்றதையும் அவள் பார்த்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கலியன் கோபித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வாய் நன்றாக இருந்தது.

"கை தூக்கினியா?"

"மழை வர்ற வரைக்கும்தானே?"

"எமர்ஜென்சில எங்க ஃபாக்டரியில யூனியன் கூட்டம் கூடாதுன்னுட்டாங்க. கொஞ்ச நாளைக்குத்தான்னாங்க. அது முடிஞ்சுது, மறுபடி கூட்டம் போட்டோம். வந்தவன் ஒருத்தனும் வாயத் தொறக்கல. வாய மூடிப் பழகிட்டானுங்க. ரயிலு டாண்ணு வந்துச்சாம் ரயிலு!"

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் சுந்தரராமன் நன்றாகவே பார்த்துக்கொண்டார். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, எல்லா லைனுக்கும் சமமாகத் தண்ணீர். டேங்கர் சண்டை நின்றது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மழை வந்தது. சாவி வரவில்லை.

"அணை ரொம்பட்டுமே" என்றார். அணை நிரம்பியது, பேப்பரில் படம் போட்டான். "தொட்டில கசிவு இருக்கு, அது முடியட்டும்" என்றார். கசிவை அடைத்தாயிற்று. அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். கேட்கிறவர்கள் இருந்தால்தானே காரணம் வேண்டும்?

தண்ணீர் சம்பந்தமான எல்லா முடிவும் என்றுதானே தீர்மானம்? அதை வைத்துக்கொண்டு அவர் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. முன் பால்கனியில் துணி காயப்போட்ட வீட்டுக்கு லைன் கட். துணியில் சொட்டுவது தண்ணீர்தானே. விருந்தாளி வந்து தங்கினால் லைன் கட், விருந்தாளி குளிக்கிறானே. ஷிண்டேயின் மகன் கணபதி விழாவுக்காக டோல் மேளம் அடித்துப் பழகினான், அதற்கும் லைன் கட். டோல் அடிப்பதில் என்ன தண்ணீர்? அடிக்கிற பையன்களுக்குத் தாகம் எடுக்குமாம்! இதை அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னார். வெள்ளிக்கிழமை கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நன்றாக வேண்டும் அவர்களுக்கு என்றார்கள். மங்கையும் சுண்டலை மென்றுகொண்டே சொன்னாள்.

தேர்தல் நடக்க வேண்டிய மாதம் வந்து போயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

மங்கை கவனித்ததற்குக் காரணம் கலியன்தான். படுத்துவிட்ட பிறகு, வாய் குழறிக் குழறி அவர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "சாவிய... வெச்சாரா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் அவள் பார்க்கிங்கில் சுந்தரராமனைக் கேட்டாள். இப்போது, இரண்டாயிரத்து ஐந்து ஜூலையில், வாளியில் மழை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கீழ் வீட்டுக் கிரிஜா இரண்டாவது நாளே மேலே வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, கண்ணில் கோபம்.

"அக்கா, எதுக்கு இந்த வேண்டாத வேலை? போய் ஒரு ஸாரி சொல்லிட்டு வந்துடுங்களேன். நாலு வீடும் நாறுது."

"நான் மூடலையே கிரிஜா. மூடுனவர்கிட்ட போய்க் கேளு."

"அவர்கிட்ட எப்படிக்கா கேக்கிறது?"

"என்கிட்ட மட்டும் கேக்க முடியுதா?"

கிரிஜா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள். இறங்கிப் போகும்போது, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி, "எல்லாம் இவங்களாலதான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மங்கையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அநியாயம் செய்தவரை ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லை, அநியாயம் என்று சொன்னவள் மேல் பாய்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார் சுந்தரராமன். போனாள். பாட்டு முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அபயாம்பாள் சுண்டல் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏம்மா மங்கை, கலியன் எப்படி இருக்கார்?" என்று ஆரம்பித்தார் சுந்தரராமன். அக்கறையாகத்தான் கேட்டார்.

"தண்ணி இல்லாத வீட்டுல நோயாளி எப்படி சார் இருப்பாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"நேக்கு உன்மேல கோபமே இல்லை. என்னை இங்க உக்காந்து எத்தனை வேணாக் கேளு. அந்த ஷிண்டே முன்னாடி கேட்டியே, அதான் தப்பு. நமக்குள்ள ஒத்துமை இல்லேன்னு அவாளுக்குத் தெரிஞ்சா நாளைக்கு நம்ம தலையில மொளகா அரைப்பா. மன்னிப்புகூட வேண்டாம். கேட்டது தப்புன்னு ஒரு வார்த்தை இங்க சொல்லிடு. இப்பவே போய்த் திறக்கச் சொல்றேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று முகங்கள் கெஞ்சின. ஒரு வார்த்தைதானே? சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே கலியனை வெந்நீரில் துடைத்துவிட்டிருக்கலாம். அவளுக்கும் வாய் வரை வந்தது.

"சார், மழை வர்ற வரைக்கும்னுதானே கை தூக்கினோம்? ஜன்னலத் தொறந்து பாருங்க."

"அது வேற மழைம்மா. ஆறு கரை மீறும்னு பேசிக்கறா. முன்னே தண்ணி இல்லாத எமர்ஜென்சி, இப்போ தண்ணி ஜாஸ்தியான எமர்ஜென்சி. இப்பத்தான் ஒருத்தர் கையில எல்லாம் இருக்கணும்."

மங்கை எழுந்துவிட்டாள். "வறட்சின்னாலும் நீங்கதான், வெள்ளம்னாலும் நீங்கதான். நடுவுல ஒரு நல்ல நாளு வந்தா அதுக்கு என்ன பேரு வைப்பீங்களோ! ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். என் புருஷன் நாறுனாலும் பரவால்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு தடதடவென்று இறங்கினாள். அந்தக் கூடத்தில் ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, நோயாளி இருக்கிற வீடு சார் என்று முனகக்கூட இல்லையே!

அடுத்த வாரம் அணையைத் திறந்துவிட்டார்கள். விடிகிற நேரத்தில் ஆறு தாபோடிக்குள் வந்தது. சொசைட்டி பார்க்கிங்கில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு. மோட்டார் இருந்ததோ கீழே ஒரு சின்னக் குழியில். நாலு போல்ட்டைக் கழற்றி, இரண்டு ஆள் பிடித்துத் தூக்கினால் மாடிப்படியில் வைத்துவிடலாம். தூக்கவில்லை.

ஏன்? சேர்மன் வீட்டில் இல்லை. முந்தின நாள் நகரத்தின் மறுகோடியில், வானவடியில் இருக்கும் மகள் சுஷ்மா வீட்டுக்குப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டார். போனும் வேலை செய்யவில்லை. மோட்டாரை அவர் உத்தரவில்லாமல் யாரும் தொடக் கூடாது. தொட்டால் லைன் கட். வாட்ச்மேன் தண்ணீரில் நின்றுகொண்டு, "சாஹேப் ஹுக்கும் இல்லாம முடியாது" என்று கையை விரித்தான். படிக்கட்டில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். கார் எஞ்சினையே பிரித்து மாட்டுகிற ரமேஷும் நின்றான். தண்ணீர் மோட்டாரை நோக்கி ஏறுவதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு மங்கை இறங்கி வந்தாள்.

"எதுக்கு நிக்கிறீங்க? தூக்குங்க!"

"சார் வரட்டும் அக்கா" என்றான் ரமேஷ். "அப்புறம் நம்ம லைனை..."

"நம்ம லைன் ஏற்கனவே கட்டுதானேடா! இன்னும் எதைப் புடுங்கிடுவாரு?"

மங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பின்னாலேயே ஒருவர்தான் இறங்கினார், ஷிண்டே. இருவரும் போல்ட்டைத் தடவிப் பிடிப்பதற்குள் தண்ணீர் மோட்டாருக்கு மேல் போய்விட்டது. இருவர் கையிலும் சேறுதான் மிஞ்சியது.

வெள்ளம் வடிந்தது. மோட்டார் செத்துக் கிடந்தது. மாடித் தொட்டி காலியானதும் சொசைட்டி முழுக்கத் தண்ணீர் இல்லை. அப்போதுதான் எல்லோருக்கும் ரோஷம் வந்தது. யாரைக் கேட்டு இப்படி எல்லாவற்றையும் ஒருத்தர் கையில் கொடுத்தோம் என்று கத்தினார்கள். அதைக் கத்தியவர்கள், கை தூக்கிக் கொடுத்தவர்களேதான்.

மோட்டாரைச் சரிபண்ணித் தொட்டி நிரம்பிய ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் பொதுக்கூட்டம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பஜனைக்குத் தமிழர்கள் யாரும் போகவில்லை. முன்கூட்டியே பேசி முடிக்காமல் நடந்த முதல் கூட்டம் அதுதான். மழை சற்று விட்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் மேஜை, அதற்குப் பக்கத்திலேயே பூட்டிய கூண்டு.

மங்கை எழுந்து தனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில் பேசினாள். பானி வந்து போய்விட்டது, சாவி எங்கே என்று கேட்டாள். இன்றைக்கே தேர்தல் வேண்டும் என்றாள். மராட்டிக் கைகள் எழுந்தன, தமிழ்க் கைகளும் எழுந்தன. சுந்தரராமன் மறுத்துப் பேசவில்லை. குடையைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து, பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நல்லதுக்குத்தான் பண்ணினேன்" என்றார். அதை அவர் உண்மையாகவே நம்பினார், அதுதான் கொடுமை.

யார் சேர்மன் என்று கேட்டதும் முதலில் ஷிண்டேதான் குரல் கொடுத்தார்: "மங்கை தாயி!" மராட்டியில் தாயி என்றால் அக்கா. கிரிஜா கைதட்டினாள். எல்லாவற்றுக்கும் இவள்தான் காரணம் என்ற அதே கிரிஜா. மங்கை வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது.

வாட்ச்மேன் மேஜையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டைத் திறந்தான். மங்கையின் வால்வைச் சுழற்றித் திறந்தான். குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கீழே கலியனின் காதில் விழுந்திருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் வாட்ச்மேன் இன்னொரு வால்வைத் திருகி மூடிக்கொண்டிருந்தான்.

"அது யாரு லைன்?"

"பழைய சாஹேப் லைன், மேடம்" என்றான் சிரித்துக்கொண்டே. சாவியைக் கொண்டுவந்து பணிவாக அவள் கையில் கொடுத்தான்.

யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷமாக அவனுக்குப் பழக்கியது அதைத்தானே? இம்முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. ஷிண்டேயின் மகன் விசில் அடித்தான். "ஒரு வாரம் மூடி வையுங்க தாயி, அப்பத்தான் புத்தி வரும்" என்றார் ஷிண்டே ஹிந்தியில். அபயாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மங்கைக்கு ஒரு நிமிஷம் இனித்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? கலியனின் துணியை மழைத் தண்ணீரில் அலசிய நாட்கள் எல்லாம் கண்முன் வந்தன. கெடக்கட்டுமே ஒரு வாரம் என்று நினைத்தாள். நினைத்ததுமே தன்னை நினைத்து அவளுக்கே திக்கென்றது. கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். வந்து இன்னும் உள்ளங்கை சூடுகூட ஏறவில்லை.

"தொற அதை" என்று வாட்ச்மேனிடம் கத்தினாள். அவன் ஓடிப்போய்த் திறந்தான். கூட்டத்தில் உச்சுக்கொட்டும் சத்தம்.

"முதல் வேலை, அந்தத் தீர்மானத்த ரத்து பண்றோம்" என்றாள். ஹிந்தியிலும் சொன்னாள். "தண்ணி விஷயத்துல ஒருத்தரே முடிவெடுக்கிறது கிடையாது. யாரு லைனையும் யாரும் மூடக் கூடாது. இந்தக் கூண்டும் வேண்டாம். சம்மதம்னா கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

அவள் காத்திருந்தாள். தொட்டியில் தண்ணீர் தளும்பியது. ஷிண்டே செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரிஜா கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, இப்பத்தான் நல்ல ஆள் கையில வந்திருக்கு. கொஞ்ச நாள் இருக்கட்டுமே. அந்த ஷிண்டே மகன் மறுபடி வாளியத் தூக்கிட்டு வந்தா?"

அந்தப் பக்கம் ஷிண்டேயும் அதையேதான் சொன்னார். இந்த மதராஸிகள் மறுபடி கூடிப் பேசி ஏதாவது செய்வார்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும் தாயி. யாருக்கும் கூண்டின்மேல் கோபம் இல்லை. சாவி தங்கள் பக்கத்து ஆளிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுந்தரராமனின் லைனில் இருந்த மற்ற மூன்று வீட்டுக்காரர்களும்கூட மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புது சேர்மனைப் பிறகு வீட்டில் போய்த் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ரமேஷ் ஒரு வழி சொன்னான். "அக்கா, எங்களை எதுக்குக் கேக்குறீங்க? தீர்மானப்படி நீங்களே தனியா முடிவெடுக்கலாமே. ரத்துன்னு நீங்களே சொல்லிடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

மங்கை அவனை முறைத்தாள். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம் என்கிறான். அதைத்தானே இத்தனை நாளும் செய்தீர்கள், பாவிகளா! இன்றைக்கு நான் தனியாக ரத்து என்பேன், தலையாட்டுவீர்கள். நாளைக்கு இன்னொருத்தர் தனியாக வேண்டும் என்பார், அதற்கும் தலையாட்டுவீர்கள். கலியன் சொன்னது இதுதானா என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் பின் வரிசையில் ஒரு கை எழுந்தது. குடை மாட்டிய கை.

சுந்தரராமன்.

தீர்மானத்தை ரத்து செய்யச் சம்மதம் என்று மொத்த சொசைட்டியிலும் அவர் ஒருவர்தான் கை தூக்கினார். தன் வீட்டு வால்வு மூடியதைக் கண்ணால் பார்த்துவிட்டவர். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கையை இறக்கவில்லை. மங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கையை ஒரு வருஷத்துக்கு முன்னால் தூக்கியிருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

மங்கை தன் கையையும் தூக்கினாள். மொத்தம் இரண்டு கை.

"சரி, ரத்து பண்ற தீர்மானம் தோத்துடுச்சு" என்றாள். "நான் தனியா ஒண்ணும் முடிவெடுக்க மாட்டேன். எவன் லைனையும் மூடவும் மாட்டேன். நாளைக்கு இதே நேரம் இங்க கூட்டம். இதே கேள்விதான். நாளன்னைக்கும் கூட்டம். நீங்க கை தூக்குற வரைக்கும் தினம் கூட்டம். வேலைக்குப் போயிட்டு வந்து அலுப்பா இருக்குன்னு ஒருத்தரும் என்கிட்ட வரக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். மறுபடி தூறல் ஆரம்பித்தது. சாவியை அவள் பையில் போடவில்லை. கூண்டுப் பூட்டிலேயே தொங்கவிட்டாள். கூட்டம் படியிறங்கிப் போனபிறகும் சுந்தரராமன் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். மங்கை அவரைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"கைய இறக்குங்க சார், வலிக்கப் போவுது. நாளைக்கும் தூக்கணும்."